கடலுக்கு வகுப்பு தெரியுமா?

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நடத்தும்போது கப்பலை உதாரணமாகக் காட்டாத பௌதிக ஆசிரியர் இருக்க முடியாது. நானும் ஆண்டுதோறும் காட்டுகிறேன். சென்ற ஆண்டு டைட்டானிக் கப்பலின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, தண்ணீர் எந்த அறைகளில் புகுந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "சார், தண்ணிக்கு முதல் வகுப்பு, மூணாம் வகுப்புன்னு வித்தியாசம் உண்டா? அப்புறம் ஏன் மூணாம் வகுப்புக்காரங்க மட்டும் அதிகமாச் செத்தாங்க?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் மாலையில் பொன்மலைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னுடனேயே வந்தது.

காரணம் உண்டு. என் அப்பாயி 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். 'டெக்கு டிக்கெட்டு' என்பார். பாயும் தகரப் பெட்டியும் தண்ணீர்க் கூஜாவுமாக மேல்தளத்தில் ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். "கப்பல்ல உயிர்ப்படகு எத்தனை இருந்துச்சு அப்பாயி?" என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். "அதை யாரு சாமி எண்ணுனா? பாயை விரிக்க எடம் புடிக்கிறதுக்கே நேரம் சரியாப் போச்சு" என்றார்.

மாணவர் கேட்ட கேள்விக்கும், அப்பாயி எண்ணாத படகுகளுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தண்ணீர் செய்த வேலை

1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் உரசியது. மறுநாள் அதிகாலை 2.20க்கு முழுகியது. இடையில் கிடைத்த நேரம் 2 மணி 40 நிமிடம்.

கப்பலின் உட்பகுதி குறுக்குச் சுவர்களால் 16 அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. முன்புறத்து முதல் நான்கு அறைகளில் நீர் நிரம்பினாலும் கப்பல் மிதக்கும். ஆனால் அன்றிரவு அதற்கும் மேற்பட்ட அறைகள் திறந்துகொண்டன. குறுக்குச் சுவர்கள் மேல்தளம் வரை எழுப்பப்படவில்லை. ஆகவே முன்பகுதி தாழத் தாழ, ஓர் அறையில் நிரம்பிய நீர் சுவரின் தலைக்கு மேல் வழிந்து அடுத்த அறைக்குள் இறங்கியது. அடுக்கி வைத்த குடங்களில் ஒன்று நிரம்பி மற்றொன்றில் வழிவதைப் போன்றது இது.

கப்பலில் விழுந்தது பெரிய ஓட்டை என்று பலர் எண்ணுகிறார்கள். கப்பலைக் கட்டிய நிறுவனத்தின் பொறியாளர் எட்வர்ட் வைல்டிங் கணக்கிட்டுச் சொன்னது வேறு. எல்லாத் திறப்புகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 12 சதுர அடிதான் என்றார் அவர். அதாவது சுமார் 1.1 சதுர மீட்டர். ஒரு வீட்டுக் கதவைவிடச் சிறியது. முதல் 40 நிமிடங்களில் சுமார் 16,000 டன் நீர் புகுந்திருக்க வேண்டும் என்பது அவருடைய மதிப்பு. இதை நாமே சரிபார்க்கலாம். நீர்மட்டத்திற்குக் கீழே h ஆழத்தில் உள்ள துளை வழியாக நீர் பாயும் வேகம் 2gh என்பதன் வர்க்கமூலம் என்று டாரிசெல்லி விதி கூறுகிறது. ஆழம் 6 மீட்டர் எனக் கொண்டால் வேகம் வினாடிக்கு 10.8 மீட்டர். பரப்பு 1.1 சதுர மீட்டர். துளையின் ஓரங்களில் ஓட்டம் சுருங்குவதால் 0.6ஆல் பெருக்க வேண்டும். விடை, வினாடிக்கு ஏறத்தாழ 7 கன மீட்டர். 40 நிமிடங்களுக்கு, அதாவது 2,400 வினாடிகளுக்கு, சுமார் 17,000 டன். பள்ளிக்கூடத்துச் சூத்திரம் ஒன்றே நம்மை நிபுணரின் விடைக்கு அருகில் கொண்டுபோய் விடுகிறது.

இதுவரை தண்ணீர் எந்தப் பாகுபாடும் காட்டவில்லை. அழுத்தம், ஆழம், பரப்பு ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் அது கேட்கவில்லை.

எண்கள் சொல்லும் கதை

இனி உயிர் தப்பியவர்களைப் பார்ப்போம். பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின்படி முதல் வகுப்பில் 325 பேர் பயணம் செய்தனர். 203 பேர் பிழைத்தனர். நூற்றுக்கு 62. இரண்டாம் வகுப்பில் 285 பேருக்கு 118 பேர், நூற்றுக்கு 41. மூன்றாம் வகுப்பில் 706 பேருக்கு 178 பேர்; நூற்றுக்கு 25.

இந்த மூன்றாம் வகுப்பினர் யார்? அமெரிக்காவில் பிழைப்புத் தேடிப் போன குடியேறிகள். அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் சுமார் 120 பேர் ஏறினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பு. மேயோ மாவட்டத்து அடர்கூல் என்ற ஒரே வட்டாரத்திலிருந்து 14 பேர் சேர்ந்து புறப்பட்டிருந்தனர். 11 பேர் மாண்டனர். 3 பேரே மிஞ்சினர். ஓர் ஊரிலிருந்து உறவும் பழக்கமுமாகக் கூட்டமாய்க் கப்பலேறும் வழக்கம் நம்மவர்க்கும் புதிதல்ல.

'பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முதலிடம்' என்பது அன்று கடைப்பிடிக்கப்பட்ட முறை. மூன்றாம் வகுப்பில் ஆண்களே அதிகம். ஆகவேதான் சாவும் அதிகம் என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான ஐயம். சோதனைச் சாலையில் ஒரு மாறியின் விளைவை அறிய மற்ற மாறிகளை நிலையாக வைத்துக்கொள்வோம் அல்லவா? அதே முறையை இங்கும் கையாள்வோம். பெண்களை மட்டும் தனியே எடுத்துக்கொள்வோம். முதல் வகுப்பில் 144 பெண்களில் 140 பேர் பிழைத்தனர், நூற்றுக்கு 97. இரண்டாம் வகுப்பில் 93 பேரில் 80 பேர், நூற்றுக்கு 86. மூன்றாம் வகுப்பில் 165 பேரில் 76 பேர், நூற்றுக்கு 46. ஆண் பெண் வேறுபாட்டை நீக்கிய பின்னும் வகுப்பு வேறுபாடு நீங்கவில்லை. குழந்தைகள் கதையும் அப்படியே. இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 24 பேரும் தப்பினர். மூன்றாம் வகுப்பில் 79 குழந்தைகளில் 27 பேரே தப்பினர்.

ஒரு விந்தையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆண்களில் மிகக் குறைவாகப் பிழைத்தவர்கள் மூன்றாம் வகுப்பினர் அல்லர். இரண்டாம் வகுப்பு ஆண்கள் 168 பேரில் 14 பேர்தான் தப்பினர், நூற்றுக்கு 8. மூன்றாம் வகுப்பு ஆண்களில் நூற்றுக்கு 16. ஆகவே 'பணம் உள்ளவன் பிழைத்தான், இல்லாதவன் செத்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிட இயலாது. வேறுபாடு எந்த வழியாக வேலை செய்தது என்பதைத் தேட வேண்டும்.

வழியும் நேரமும்

அந்த வழி கப்பலின் அமைப்பிலேயே இருந்தது. உயிர்ப்படகுகள் எல்லாம் உச்சித் தளத்தில் இருந்தன. அத்தளம் முதல் வகுப்பினரும் இரண்டாம் வகுப்பினரும் உலாவும் இடம். மூன்றாம் வகுப்பின் அறைகள் கப்பலின் இரு கோடிகளிலும் கீழ்த்தளங்களில் இருந்தன. குடியேறிகளிடமிருந்து நோய் பரவக்கூடாது என்பதற்காக அமெரிக்கக் குடியேற்ற விதிகள் அவர்களைத் தனித்து வைக்கக் கோரின. அதற்கெனத் தடுப்புகளும் இருந்தன. கீழேயிருந்து படகுத் தளத்திற்குப் போக மூன்றாம் வகுப்பினருக்கென நேரான பாதை இல்லை. நீண்ட நடைபாதைகளையும் பல படிக்கட்டுகளையும் தாண்டிப் பிறர் பகுதிகளின் ஊடே செல்ல வேண்டும். ஜான் ஹார்ட் என்ற பணியாளர் ஒருவர் பெண்களையும் குழந்தைகளையும் இருமுறை கூட்டமாக அழைத்துக்கொண்டு மேலே வந்து படகேற்றினார். வழி தெரிந்தவர் ஒருவர் முன்னே நடந்ததால் அத்தனை உயிர்கள் தப்பின. அப்படி ஒருவர் கிடைக்காதவர்கள் பலர்.

முதற்படகு இறங்கியது 12.45க்கு. கடைசிப் படகு 2.05க்கு. வாசல் திறந்திருந்தது 80 நிமிடம்தான். கடல்நீரின் வெப்பநிலை சுழிக்குக் கீழே 2 டிகிரி. நீர் காற்றைப்போல் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நீரில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் மூழ்கி அல்ல, குளிரில் விறைத்து மாண்டனர்.

படகுகளோ மொத்தம் 20. அவற்றில் இடம் 1,178 பேருக்கு. கப்பலில் இருந்தவர்களோ 2,200க்கு மேல். இதில் சட்டமீறல் எதுவுமில்லை என்பதுதான் வியப்பு! அன்றைய பிரிட்டிஷ் விதி படகுகளின் எண்ணிக்கையைக் கப்பலின் டன் அளவைக் கொண்டு நிர்ணயித்தது. 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு 16 படகுகள் போதும். டைட்டானிக்கின் அளவு 46,328 டன். விதி கப்பலை அளந்தது, தலைகளை எண்ணவில்லை.

மெர்சி பிரபு நடத்திய விசாரணையில் மூன்றாம் வகுப்பினர் பாரபட்சமாக நடத்தப்படவில்லை என்று தீர்ப்பாயிற்று. அந்த விசாரணையில் மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவர்கூடச் சாட்சியாக அழைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அளவீடு எடுக்காத இடத்தில் பிழை இல்லை என்று சொல்வது எளிது.

நம்மவர் ஏறிய கப்பல்கள்

திருச்சிராப்பள்ளி கடலோர ஊர் அன்று. ஆயினும் கப்பலேறியவர்களின் வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாக வந்த இருப்புப் பாதை 1862இல் திருச்சியை எட்டியது. அதே பாதை பின்னர் ஆயிரமாயிரம் பேரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக 1904இல் அமைந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் தலைமையிடம் திருச்சியில்தான் இருந்தது. இலங்கைக்குப் போகும் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் சில நாட்கள் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டே அக்கரை சேர்ந்தனர். குடியேறிகளைத் தனித்து வைக்கும் தடுப்புகள் அட்லாண்டிக்கில் மட்டும் இருக்கவில்லை.

தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கும் விபத்துகள் நேர்ந்தன. கல்கத்தாவிலிருந்து 497 ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் பிஜித் தீவுகளுக்குச் சென்ற சிரியா என்ற பாய்மரக் கப்பல் 1884 மே 11ஆம் நாள் இரவு நசிலாய் பவளத்திட்டில் மோதியது. கரை தொலைவில் இல்லை. ஆனால் உதவி வந்து சேர மறுநாளாயிற்று. மீட்புப் பணியை வில்லியம் மக்கிரெகர் என்ற மருத்துவ அதிகாரி முன்னின்று நடத்தினார். அப்படியிருந்தும் 56 தொழிலாளர்களும் 3 இந்திய மாலுமிகளும் இறந்தனர். டைட்டானிக் உலகறிந்த பெயர். சிரியாவின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இப்போது அப்பாயியின் ரஜூலாவுக்கு வருவோம். கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டு 1926இல் ஓடத் தொடங்கிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைய அது ஓடியது. நாகையில் கப்பல் ஆழ்கடலில் நிற்கும்; படகில் போய்த்தான் ஏற வேண்டும். தொடக்கத்தில் அதற்கு அளிக்கப்பட்ட சான்றின்படி அது ஏற்றிச் செல்லக்கூடிய டெக் பயணிகள் 5,113 பேர். பிற்காலத்தில் இந்த எண் வெகுவாகக் குறைக்கப்பட்டது.

இந்த 5,113 என்ற எண்ணைச் சற்றே எடை போட்டுப் பார்ப்போம். கப்பலின் டன் அளவு என்பது எடையன்று, உட்புறக் கொள்ளளவு. ஒரு டன் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். டைட்டானிக்கின் கொள்ளளவை அதில் இருந்தவர்களால் வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 60 கன மீட்டர். ரஜூலா சுமார் 8,500 டன் கப்பல். ஆளுக்கு 5 கன மீட்டர்கூட வரவில்லை. அதிலும் எந்திர அறையும் சரக்கறையும் அடக்கம்.

இனிப் படகுக் கணக்கு. டைட்டானிக்கின் பெரிய படகு ஒன்று 65 பேரைக் கொள்ளும்; நீளம் சுமார் 9 மீட்டர். 5,113 பேருக்கு அத்தகைய படகுகள் 79 வேண்டும். வரிசையாக நிறுத்தினால் 700 மீட்டருக்கு மேல். ரஜூலாவின் நீளம் சுமார் 145 மீட்டர். இரு பக்கங்களையும் சேர்த்தால் 290 மீட்டர். ஆக, கப்பலின் விளிம்பு முழுவதும் படகாக நிறுத்தினாலும் பாதிப்பேருக்குக்கூட இடம் வராது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்றால் இறக்க நேரம் வேண்டும். டைட்டானிக்கில் 80 நிமிடங்களில் 18 படகுகளைத்தான் இறக்க முடிந்தது.

சிம்லாவில் எழுதிய விதி

டைட்டானிக்கின் மரணங்கள் வீண்போகவில்லை என்று பாடநூல்கள் கூறும். 1914இல் லண்டனில் கூடிய நாடுகள் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கென ஓர் உடன்படிக்கை செய்தன. கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் படகில் இடம் என்பது அதன் கொள்கை. முதல் உலகப் போரால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1929இல் புதிய உடன்படிக்கை வந்தது.

ஆனால் அதில் ஒரு விலக்கு இருந்தது. படுக்கையிடம் இல்லாத பயணிகளைப் பெருந்தொகையாக ஏற்றிச் செல்லும் தனிவகைப் போக்குவரத்துகளில், முழு விதிகளையும் அமல்படுத்துவது நடைமுறையில் இயலாது எனத் தோன்றினால் அரசுகள் அவற்றைத் தளர்த்தலாம். ஹஜ் யாத்திரைக் கப்பல்களும் நம் டெக் பயணிகளின் கப்பல்களும் இவ்வகையில் அடங்கின. அவற்றுக்கென 1931இல் சிம்லாவில் தனி விதிகள் வகுக்கப்பட்டன. சிம்லா விதிகள் என்றே அவற்றுக்குப் பெயர். நீர்புகா அறைகள், உயிர்காப்புச் சாதனங்கள் ஆகிய இரண்டிலும் பொது விதிக்குக் குறைந்த தரம் இக்கப்பல்களுக்குப் போதுமானதாயிற்று. 1948, 1960 ஆண்டுகளின் உடன்படிக்கைகளிலும் இந்த விலக்கு தொடர்ந்தது. 1971இல்தான் இத்தகைய கப்பல்களுக்கெனப் புதிய பன்னாட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது; 1973இல் பயணிகளுக்கான இட அளவு பற்றிய நெறிமுறை வந்தது.

'இயலாது' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாம் மேலே போட்ட கணக்கு அதை மெய்ப்பிப்பது போலவே தோன்றும். 79 படகுகளை 145 மீட்டர்க் கப்பலில் நிறுத்த இயலாதுதான். ஆனால் அச்சமன்பாட்டில் மாறிகள் இரண்டு. படகின் எண்ணிக்கை ஒன்று. பயணிகளின் எண்ணிக்கை மற்றொன்று. விதி வகுத்தவர்கள் இரண்டாவதை மாறிலியாக எடுத்துக்கொண்டு முதலாவதைக் குறைத்தனர். பௌதிகம் அப்படிக் கட்டளையிடவில்லை. குறைந்த கட்டணத்தில் அதிகம் பேரை ஏற்றும் வாணிபம் கட்டளையிட்டது.

வங்கக் கடல் வெதுவெதுப்பானது, வட அட்லாண்டிக்கைப்போல் உயிரை உறையவைக்காது என்பது மெய்யே. ஆனால் கடலில் ஆபத்து குளிரால் மட்டும் வருவதில்லை.

கூட்டம் சரியும்போது

டெக் பயணத்தில் மறைந்திருந்த மற்றோர் ஆபத்து சமநிலை பற்றியது. கப்பல் சாயும்போது அதை நிமிர்த்தும் ஆற்றல், எடைமையத்திற்கும் மிதவை மையப் புள்ளிக்கும் இடையிலுள்ள உயரத்தைப் பொறுத்தது. பாரம் மேலே ஏற ஏற இந்த உயரம் குறையும். ஒரு சிறு நீராவிக் கப்பலை எடுத்துக்கொள்வோம். எடை 600 டன். இந்த உயரம் அரை மீட்டர். மேல்தளத்தில் 500 பேர். ஆளுக்கு 50 கிலோ வீதம் 25 டன். மழைக்கு ஒதுங்கியோ அலைக்கு அஞ்சியோ அவர்கள் 4 மீட்டர் ஒரு பக்கமாக நகர்ந்தால், சாய்வுக் கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பு 25 × 4 ÷ (600 × 0.5), அதாவது 0.33. கோணம் சுமார் 18 டிகிரி. அந்தச் சாய்வில் நிற்க முடியாமல் எஞ்சியவர்களும் அதே பக்கம் சரிவார்கள். அப்போது ஓர் அலை வந்தால் போதும்.

இது வெறும் பயிற்சிக் கணக்கன்று. 1947 ஜூலை 17ஆம் நாள் பம்பாயிலிருந்து ரேவஸ் என்ற ஊருக்குப் புறப்பட்ட ராம்தாஸ் என்னும் நீராவிக் கப்பல் பருவமழைக் கடலில் கவிழ்ந்தது. 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். அலை தாக்கியபோது பயணிகள் ஒரே பக்கம் ஒதுங்கினர். படுக்கையும் அறையும் உள்ளவர் தம் இடத்தில் இருப்பார். தளத்தில் நிற்பவருக்குப் பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. வகுப்பு என்பது இங்கே எடைமையத்தின் பிரச்சினையாகவும் ஆகிவிடுகிறது!

தலைகளை எண்ணும் விதி

ரஜூலாவுக்குப் பின் அதே வழியில் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தனர். அத்துடன் அக்கப்பலின் பயணிகள் சேவையும் முடிவுற்றது. இன்று சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகிறவர்கள் பொன்மலைக்கு அருகிலுள்ள விமான நிலையத்தில் ஏறுகிறார்கள். விமானத்திலும் வகுப்புகள் உண்டு. நாற்காலியின் அகலமும் சாப்பாடும் மாறும். ஆனால் 44 இருக்கைகளுக்கு மேற்பட்ட விமான வகை எதுவும், பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி, முழுக்கூட்டத்தையும் 90 வினாடிகளில் வெளியேற்ற முடியும் என்று மெய்ப்பித்த பிறகே பயணிகளை ஏற்றலாம். இந்த விதி தலைகளை எண்ணுகிறது. சீட்டின் விலையைக் கேட்பதில்லை.

எல்லா இடத்திலும் அப்படி ஆகிவிடவில்லை. 2023 ஜூன் 14ஆம் நாள் கிரேக்க நாட்டுக் கரைக்கு அப்பால் ஒரு மீன்பிடிக் கப்பல் கவிழ்ந்தது. அதில் 750 பேர் வரை இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. பாகிஸ்தான், சிரியா, எகிப்து முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள். மீட்கப்பட்டவர்கள் 104 பேர். நான்கு நாள் கழித்து, டைட்டானிக்கின் சிதைவைக் காணச் சென்ற சிறு நீர்மூழ்கி ஐந்து பேருடன் நொறுங்கியது. இரண்டு செய்திகளில் எது உங்கள் நினைவில் நிற்கிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

மறுவாரம் அந்த மாணவருக்கு விடை சொன்னேன். "தண்ணீருக்கு வகுப்பு தெரியாது, தம்பி. ஆனால் படிக்கட்டுக்கும் படகுக்கும் விதிப் புத்தகத்துக்கும் தெரியும். அவற்றை மனிதன்தானே செய்தான்?" என்றேன். இந்த முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவர் கையைத் தூக்கி, "அப்ப உங்க அப்பாயி போன கப்பல்ல படகு எத்தனை இருந்திருக்கும், சார்?" என்றார். கரும்பலகையில் 5,113 என்று எழுதினேன். வகுத்துப் பார்க்கும் வேலையை அவர்களிடமே விட்டேன்.